நிரலாளரின் நேரலைக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ: ஒரு மதிப்புரை

சொந்தமாக ஒரு திறமூல மென்பொருளை எழுதிப் பராமரித்து வருபவர் அந்த வேலையை நேரலையில் காட்ட நினைத்தால், அவருக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் கருவி, திரையையும் குரலையும் சேர்த்து இணையத்தில் ஒளிபரப்ப உதவும் ஓபிஎஸ் ஸ்டுடியோவாகத்தான் இருக்கும். அதற்கு விலை கிடையாது, படத்தின் மூலையில் வாட்டர்மார்க் விழாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும், ஜிபிஎல் உரிமத்தின் கீழ் அதுவும் ஒரு திறமூல மென்பொருளே. விளையாட்டு ஒளிபரப்பு என்ற கோணத்தில் அதைப் பற்றி இணையத்தில் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டதால், இந்த மதிப்புரை அந்தப் பக்கம் போகவில்லை. கட்டளை வரியில் இயங்கும் சிறு கருவி ஒன்றைப் பராமரிப்பவன் என்ற முறையில், புதிய வசதி எழுதுவது, புகாரும் கோரிக்கையுமாக வந்து குவிந்த இஷ்யூக்களைப் பிரிப்பது, பிறர் அனுப்பும் நிரல் மாற்றங்களான புல் ரிக்வெஸ்டுகளைப் படித்துக் கருத்துச் சொல்வது, பதிப்பு வெளியிடுவது ஆகிய வேலைகளை நான் இதன் வழியாகவே காட்டி வருகிறேன். அந்த வேலைகளுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி உறுதியானது, நம்பி இறங்கலாம். ஆனால் நிறுவியவுடன் அது தரும் இயல்பமைப்பு, வேகமாக நகரும் படத்தைக் குறைவின்றி அனுப்புவதற்காக அமைந்தது. நிரலாளரின் திரையோ பெரும்பாலான நேரம் அசைவதே இல்லை. அசையாத அந்தத் திரையில் பொடி எழுத்தும் தெளிவாக விழ வேண்டும், வெளியே தெரியக் கூடாத ஒரு வரிகூடத் தெரிந்துவிடக் கூடாது. இந்த இரண்டு தேவைகளுக்கும் ஓபிஎஸ்ஸில் வழி உண்டு என்றாலும், இரண்டும் அமைப்புப் பக்கங்களின் உள்ளடுக்குகளில் கிடக்கின்றன. யாரும் கைபிடித்து அழைத்துச் சென்று காட்டுவதில்லை.

ஹியூ பெய்லி என்பவர் 2012இல் விண்டோஸுக்கு மட்டுமாக வெளியிட்ட மென்பொருளாக இது தொடங்கியது. பிறகு மூன்று இயங்குதளங்களுக்கும் பொதுவாக அடியிலிருந்து திரும்ப எழுதப்பட்டபோதுதான் பெயரில் ‘ஸ்டுடியோ’ சேர்ந்தது. மூலநிரல் சி, சி++ மொழிகளிலும், இடைமுகம் க்யூட்டி நூலகத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. பயனர்களின் நன்கொடையோடு ட்விட்ச் (நேரலைத் தளம்), யூடியூப், என்விடியா போன்ற நிறுவனங்களின் நிதியாதரவும் அதன் வளர்ச்சிக்குக் கைகொடுக்கிறது. பதிவிறக்கும்போது அதிகாரபூர்வத் தளத்திலிருந்தோ, உங்கள் லினக்ஸ் வழங்கலின் தொகுப்பகத்திலிருந்தோ எடுத்துக்கொள்ளுங்கள். இதே மூலநிரலின் மேல் கட்டப்பட்ட வணிகப் பொருள்கள் தனியே உண்டு. அவற்றில் ஒன்றான ஸ்ட்ரீம்லேப்ஸ் 2021 நவம்பரில்தான் தன் பெயரிலிருந்து ‘ஓபிஎஸ்’ என்ற சொல்லை எடுத்தது, ஆகவே பழைய காணொளிகளைப் பார்த்து நிறுவுபவர்கள் இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

ஓபிஎஸ்ஸின் ஏற்பாடு முழுவதும் சீன், சோர்ஸ் என்ற இரண்டு சொற்களில் அடங்கும். திரை, சாளரம், கேமரா, மைக், படம், எழுத்து, வலைப்பக்கம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சோர்ஸ். அவற்றை ஒரு சட்டத்துக்குள் அடுக்கி வைத்தால் அது ஒரு சீன். பார்வையாளருக்குப் போவது அந்தந்த நேரத்தில் தேர்ந்தெடுத்த சீன் மட்டுமே. என்னிடம் நான்கு சீன்கள் இருக்கின்றன: எடிட்டரும், கட்டளை அடிக்கும் டெர்மினலும் பக்கத்துப் பக்கமாக நிற்பது ஒன்று, இஷ்யூ பக்கங்களைக் காட்டும் உலாவி ஒன்று, பேச்சு மட்டும் இருக்கும் நேரத்துக்கு முகம் தெரிவது ஒன்று, வெறும் வண்ணப் பின்னணியில் ‘சற்றுப் பொறுங்கள்’ என்ற வரியைத் தவிர எதுவுமே இல்லாத திரைச்சீலை ஒன்று. பராமரிப்பு வேலையைக் காட்டுபவருக்கு இந்த நான்காவதுதான் மிக முக்கியம். மற்ற மூன்றும் இல்லாமல்கூட ஒப்பேற்றிவிடலாம்.

சாளரத்தைப் பிடிப்பதா, முழுத்திரையையும் பிடிப்பதா என்பது எடுத்த எடுப்பில் செய்ய வேண்டிய முடிவு. முழுத்திரையைப் பிடித்தால் மூலையில் எட்டிப்பார்க்கும் மின்னஞ்சல் அறிவிப்பு, வங்கியின் ஓடிபி, வீட்டுக்காரரின் செய்தி எல்லாமே ஊருக்குப் போகும். சாளரத்தை மட்டும் பிடித்தால் அந்தக் கவலை பெருமளவு குறைகிறது. லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11 சூழலில் அந்தச் சாளரத்தின் மேல் வேறொன்று வந்து மூடினாலும் ஓபிஎஸ் அடியில் இருப்பதையே காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. ஜாவாவில் எழுதப்பட்ட சில எடிட்டர்களில், தட்டச்சு செய்யும்போது கீழே விரியும் பரிந்துரைப் பட்டியல் இயங்குதளத்தின் கணக்கில் தனிச் சாளரமாகக் கொள்ளப்படுவதால், பார்வையாளருக்கு அது தெரியாது. நீங்கள் எதையோ தேர்ந்தெடுப்பதும், அரைகுறைச் சொல் திடீரென முழுச் சொல்லாவதும் மட்டுமே தெரியும். விஎஸ் கோட் போன்றவை அந்தப் பட்டியலைத் தம் சாளரத்துக்குள்ளேயே வரைவதால் இந்தச் சிக்கல் அங்கே இல்லை. எக்ஸ்11க்குப் பின் வந்த வேலண்ட் சூழலில் ஓபிஎஸ்ஸின் 27ஆம் பதிப்பு முதல், படத்தையும் ஒலியையும் நிரல்களிடையே கடத்தும் பைப்வயர் வழியாகத் திரையைப் பிடிக்க முடிகிறது. எதைப் பகிர்வது என்று இயங்குதளமே ஒரு பெட்டியில் கேட்கிறது. தொல்லையாகத் தோன்றினாலும் அது நல்ல ஏற்பாடுதான்.

பராமரிப்பாளரின் திரையில் கசிவதற்கு வேறு பல வழிகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி விளையாட்டு ஒளிபரப்பாளர்கள் யோசிக்க வேண்டிய தேவையே வராது. நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காட்டும் ‘கிட் லாக்’ கட்டளையை டெர்மினலில் அடித்தால், கமிட் செய்த, அதாவது மாற்றத்தைப் பதிந்த, ஒவ்வொருவரின் மின்னஞ்சல் முகவரியும் பெயருக்குப் பக்கத்தில் வரிசையாக ஓடும். அது பொதுக் களஞ்சியத்தில் உள்ள தகவல்தான் என்றாலும், ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பியவர் தன் முகவரி காணொளியில் நிற்கும் என்று எதிர்பார்த்து அனுப்பியிருக்க மாட்டார். கமிட்டை ஒற்றை வரியாகக் காட்டும்படி அந்தக் கட்டளைக்கு முன்கூட்டியே மாற்றுப்பெயர் வைத்துக்கொள்வது மரியாதை. பழைய கட்டளையைத் தேட கண்ட்ரோல்-ஆர் அழுத்தினால், என்றோ ஒருநாள் கடவுச்சொல் போன்ற டோக்கனோடு சேர்த்து அடித்த வரி மேலே வந்து நிற்கக்கூடும். உலாவியின் முகவரிப் பட்டையில் முதல் எழுத்தைத் தட்டியவுடன் விரியும் பரிந்துரைகள் உங்கள் வாழ்க்கை வரலாற்றையே சொல்லிவிடும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பாதுகாப்புக் குறைபாடுகளைப் பராமரிப்பாளருக்கு மட்டும் தனிமையில் அறிவிக்கும் வசதி 2023 முதல் எல்லாப் பொதுக் களஞ்சியங்களுக்கும் கிடைக்கிறது. அந்த அறிவிப்பு வந்திருப்பதைக் காட்டும் எண்கூட நேரலையில் தெரியக் கூடாது, ஏனென்றால் திருத்தம் வெளியாகும்வரை அப்படி ஒரு குறை இருப்பதே ரகசியம். இவை எதையும் ஓபிஎஸ் தானாகக் கவனித்துக்கொள்ளாது. இயங்குதளத்தில் நேரலைக்கென்று தனிப் பயனர் கணக்கு, அதில் தனி உலாவி, தனி டெர்மினல் வரலாறு, அணைத்து வைத்த அறிவிப்புகள் என்று முதலிலேயே வகுத்துக்கொள்வதே தீர்வு.

இத்தனைக்கும் மேல் ஏதேனும் தவறிவிட்டால் கைகொடுப்பதற்கு ஓபிஎஸ்ஸில் ஓர் அருமையான வசதி இருக்கிறது. அதை ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்று தெரியவில்லை. மேம்பட்ட அமைப்புகளில் ஒளிபரப்பைச் சில விநாடிகள் தாமதித்து அனுப்பும்படி சொல்லலாம். இருபது விநாடி தாமதம் வைத்திருந்தால், இப்போது திரையில் தெரிவது இருபது விநாடி கழித்துத்தான் உங்கள் கணினியை விட்டே வெளியேறும். அந்த இடைவெளியில் ரகசியச் சாவி கண்ணில் பட்டுவிட்டது என்று உணர்ந்தால், ஒளிபரப்பை நிறுத்தும் பொத்தானோடு தாமதத்தில் தேங்கியிருப்பதை எறிந்துவிடும் தேர்வும் சேர்ந்து வருகிறது. அதை அழுத்தினால் தேங்கிய பகுதி வெளியே போகாமலேயே ஒழிந்துவிடும். ஆனாலும் சாவியை உடனே ரத்து செய்து புதிதாக எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். தாமதத்தின் குறை, அரட்டையில் கேட்கப்படும் கேள்விக்கும் உங்கள் பதிலுக்கும் இடையே பெரிய பள்ளம் விழுவதுதான். ஒளிபரப்புச் சேவையின் இயல்பான தாமதமும் இதோடு சேரும். ஆகவே புதிய நிரல் எழுதும் நாள்களில் தாமதத்தை அணைத்துவிட்டு, இஷ்யூ பிரிக்கும் நாள்களில் மட்டும் இயக்குகிறேன்.

28ஆம் பதிப்பிலிருந்து, வேறு நிரல்கள் கட்டளையிட வழிதரும் வெப்சாக்கெட் இடைமுகம் ஓபிஎஸ்ஸோடு சேர்ந்தே வருகிறது. நிரலாளருக்கு இது பெரிய வரம். அமைப்புகளில் இயக்கிவிட்டால் இயல்பாக 4455 என்ற போர்ட்டில் கடவுச்சொல்லோடு கேட்டுக்கொண்டிருக்கும் அந்த இடைமுகத்துக்கு ஜேசன் வடிவில் ஒரு கட்டளை அனுப்பினால் சீன் மாறிவிடும். ரகசியங்களை வைத்திருக்கும் கோப்பின் பெயரை எடிட்டர் திறக்க முயலும்போதே முதலில் திரைச்சீலை சீனுக்கு மாறச் சொல்லும் சிறு ஸ்கிரிப்டை எடிட்டரில் கட்டிவைக்கலாம். கடவுச்சொல் மேலாளரைத் திறக்கும் கட்டளைக்கும் அதையே முன்னால் சேர்க்கலாம். விரல் தடுமாறினாலும் ஸ்கிரிப்ட் தடுமாறாது.

எழுத்துத் தெளிவுக்கு வருவோம். ஓபிஎஸ் இயல்பாக என்வி12 என்ற நிற வடிவத்தில் படத்தை அனுப்புகிறது. இதில் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் வெளிச்ச அளவு தனித்தனியே போகும். நிற அளவோ, இரண்டுக்கு இரண்டாக நிற்கும் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒன்றுதான் போகும். முகத்தையோ காட்டையோ காட்டும்போது இது கண்ணுக்கே தெரியாது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தைக் காட்டும்போது பல்லை இளிக்கும். சிவப்புக்கு வெளிச்ச அளவு குறைவு, எனவே எழுத்தின் வடிவம் பெரும்பாலும் நிறத்தை நம்பியே நிற்கிறது. அந்த நிறம் பாதித் துல்லியத்தில் போவதால் எழுத்தின் ஓரம் கரைந்து, மையில் நனைந்த தாள்போல ஆகிவிடுகிறது. நிரலில் மாறியதைக் காட்டும் ‘கிட் டிஃப்’, நீக்கப்பட்ட வரிகளை எந்த நிறத்தில் காட்டும் என்று நினைத்துப் பாருங்கள். புல் ரிக்வெஸ்டைப் படித்துக் காட்டும் நேரலையில் பாதி வரிகள் அந்த நிறத்தில்தான் இருக்கும். ஐ444 என்ற வடிவத்துக்கு மாற்றினால் நிறமும் முழுத் துல்லியத்தில் பதிவாகும், ஆனால் அது உங்கள் வட்டில் பதிந்துகொள்ளத்தான் உதவும். பெரிய சேவைகள் பார்வையாளருக்கு அனுப்புவது, என்வி12 போலவே நிறத்தைக் குறைத்துக்கொள்ளும் 4:2:0 வடிவத்தைத்தான். எனவே டெர்மினலின் வண்ணத் திட்டத்தையே மாற்றி, சிவப்பை வெளிறிய இளஞ்சிவப்பாகவும், அடர்நீலத்தை வானநீலமாகவும் ஆக்கிவிடுவதுதான் பலன் தருகிறது. நீக்கப்பட்ட வரியின் எழுத்தை வெள்ளையாகவே விட்டுப் பின்னணிக்கு மட்டும் மங்கிய சிவப்பு கொடுப்பது இன்னும் நல்லது.

அடுத்தது அளவு. பெரிய துல்லியத் திரையைப் பிடித்து 1920க்கு 1080 ஆகச் சுருக்கி அனுப்பினால், எந்த வடிப்பானைத் தேர்ந்தாலும் எழுத்து நொறுங்கும். சீனை அடுக்கும் கேன்வாஸின் அளவையும் வெளியீட்டு அளவையும் ஒன்றாக வைத்து, சாளரங்களை அந்த அளவுக்குள் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்திவிட்டு, எடிட்டரின் எழுத்தளவை உங்களுக்கே கூச்சமாக இருக்கும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். கைபேசியில் பார்ப்பவருக்கு அது சரியாக இருக்கும். விநாடிக்கு 30 படங்கள் தாராளம். ட்விட்ச் நெடுங்காலமாகச் சொல்லிவரும் உச்ச வரம்பு விநாடிக்கு 6000 கிலோபிட் என்றாலும், நிரல் திரைக்கு அதில் பாதியே போதும், ஏனென்றால் நகராத திரையில் அனுப்புவதற்குப் புதிதாக எதுவும் இல்லை. வேகமாக ஸ்க்ரோல் செய்யும் கணத்தில் மட்டும் விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவான பிட்ரேட் பற்றாமல் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைந்து ஓரிரு விநாடிகளில் தெளியும். பக்கம் பக்கமாகத் தாவுவதற்குப் பழகிக்கொண்டால் அதுவும் தெரியாது.

ஓர் இடத்தில் நிரலாளரின் தேவை விளையாட்டாளரின் தேவையைவிடக் கடுமையானது. படத்தைச் சுருக்கி அனுப்பத் தயாராக்கும் எக்ஸ்264 என்கோடர் மையச் செயலியை நம்பி இயங்குகிறது. நிரலைக் கம்பைல் செய்யும் கருவிகளில் பலவும் செயலியின் எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொள்பவை. கம்பைல் ஓடத் தொடங்கியதும் என்கோடர் திணறி, படங்கள் விடுபட, கீழ்ப்பட்டையில் எச்சரிக்கை எழும். பார்வையாளர் ஆர்வமாகக் காத்திருக்கும் கட்டம் அதுதான் என்பது கூடுதல் சங்கடம். கிராஃபிக்ஸ் சில்லில் உள்ள என்கோடரை, அதாவது என்விடியாவின் என்வென்க்கையோ இன்டெல்லின் க்விக் சிங்கையோ தேர்ந்துவிட்டால் பெரும்பகுதிச் சுமை நீங்கும். பழைய மடிக்கணினியாக இருந்தால் கம்பைல் செய்யும் கட்டளைக்கே இரண்டு கோர்களை விட்டுவைக்கும்படி சொல்லிவிடலாம். ஓபிஎஸ்ஸின் புள்ளிவிவரச் சாளரம் இங்கே மிகவும் உதவும். விடுபட்ட படங்களில் எத்தனை வரைவதில் தவறின, எத்தனை என்கோடரில் தவறின, எத்தனை இணைய வேகம் பற்றாமல் போயின என்று மூன்றாகப் பிரித்துக் காட்டிவிடுவதால், குற்றம் இணைய இணைப்பினுடையதா, கணினியினுடையதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தமிழில் நேரலை செய்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் எழுத்து சோர்ஸ். லினக்ஸில் ஓபிஎஸ்ஸோடு வரும் எழுத்து சோர்ஸ், ஃப்ரீடைப் நூலகத்தைக் கொண்டு ஒவ்வோர் எழுத்துக்குறியாக வரிசையில் அடுக்குகிறதே தவிர, இந்திய மொழிகளுக்குத் தேவையான இடமாற்றத்தைச் செய்வதில்லை. யுனிகோடில் ‘கெ’ என்பது ககரத்தை அடுத்துக் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது; திரையில் வரையும் நிரல்தான் கொம்பை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அது நடக்காததால் ‘கெட்டது’ என்ற தலைப்பில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறிக் குழம்பும். விண்டோஸில் ஜிடிஐ+ வழியாக எழுதும் சோர்ஸுக்கு இந்தக் குறை இல்லை. மற்றவர்களுக்கு எளிய வழி, உலாவி சோர்ஸ் ஒன்றைச் சேர்த்து, அதில் இரண்டு வரி எச்டிஎம்எல்லில் தலைப்பை எழுதிவிடுவது. உள்ளே இருப்பது குரோமியம் என்பதால் தமிழ் பிசகின்றி விழும், பின்னணியை ஒளிபுகும்படியும் வைக்கலாம். இஷ்யூ எண்ணை மாற்றும்போது அந்தக் கோப்பை ஸ்கிரிப்ட் மூலம் மாற்றிவிடலாம் என்பது உபரி லாபம். பாங்கோ நூலகத்தைக் கொண்டு எழுதும் செருகுநிரல்களும் உண்டு. எந்த வழியில் போனாலும் தமிழ்த் தலைப்பைச் சற்றுப் பெரிதாகவே வையுங்கள், சிறிய அளவில் அமுக்கப்பட்ட படத்தில் மெய்யெழுத்தின் புள்ளி முதலில் காணாமல் போகும்.

ஒலிக்கான ஏற்பாடுகள் நிறைவாக இருக்கின்றன. மைக் சோர்ஸில் வடிப்பான்களை மேலிருந்து கீழாக அடுக்கலாம், அந்த வரிசைப்படியே ஒலி அவற்றின் வழியே போகும். இரைச்சல் நீக்கியில் ஸ்பீக்ஸ், ஆர்என்நாய்ஸ் என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. இரண்டாவது நரம்புப் பின்னலைக் கொண்டு மனிதக் குரலைப் பிரித்தெடுப்பது. மின்விசிறி ஓயாமல் சுற்றும் அறையில் இரண்டாவதைப் போட்டுவிட்டு அதன்பின் ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசர் ஒன்றைச் சேர்த்தால் மலிவான மைக்கிலும் கேட்கும்படியான குரல் வந்துவிடுகிறது. மெக்கானிக்கல் கீபோர்டின் படபடப்பை மட்டும் எந்த வடிப்பானாலும் முழுதாக விழுங்க முடிவதில்லை. மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவருவதே அதற்கு மருந்து.

பதிந்து வைக்கும் பகுதியைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. எம்கேவி வடிவில் பதிந்தால் இடையில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது கெடாது. 2024இல் வந்த 30.2 பதிப்பில் ஹைப்ரிட் எம்பி4 என்ற வடிவம் சேர்ந்தது. அதற்கும் அதே தாங்கும் தன்மை உண்டு, அதோடு பதிவின் நடுவே ஒரு விசையை அழுத்தினால் அந்த இடத்தில் அத்தியாயக் குறி விழும். பராமரிப்பு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வசதி வேறில்லை. ஒவ்வோர் இஷ்யூவை எடுக்கும்போதும் விசையை ஒருமுறை அழுத்திவிட்டால், பிறகு இரண்டு மணி நேரப் பதிவிலிருந்து அந்த இஷ்யூவுக்கு உரிய பத்து நிமிடத்தை வெட்டி, அந்த இஷ்யூவின் கீழேயே இணைப்பாகக் கொடுத்துவிடலாம். ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று பின்னாளில் கேட்பவருக்கு எழுத்தில் விடுபட்டதெல்லாம் அதில் இருக்கும்.

பிறருடைய பேட்சை நேரலையில் படிப்பது குறித்து எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. முதல்முறை பங்களிப்பவர் அனுப்பிய நிரலில் டேபும் ஸ்பேஸும் கலந்திருக்கும், சோதனை எழுதப்பட்டிருக்காது, மாறியின் பெயர் விளங்காது. எழுத்தில் பதில் சொல்லும்போது ஒருமுறை அடித்துத் திருத்தி, நன்றியோடு தொடங்கி, கேள்வியாக மாற்றிப் போடுகிறோம். நேரலையில் அதே இடத்தில் ‘இது என்ன, இப்படி’ என்று வாய் முந்திவிடும், அரட்டையில் நாலு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவர் பெயரோடு காணொளியில் தங்கிவிடும். ஆகவே அனுப்பியவரிடம் முன்னரே கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டுமே அவருடைய புல் ரிக்வெஸ்டைத் திறக்க வேண்டும். அவரும் அரட்டையில் இருந்தால் இன்னும் நன்று. இணையத்தில் தரவைக் கொண்டுபோகவும் கொண்டுவரவும் உதவும் கர்ல் கருவியை எழுதிப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க் எட்டு வாரச் சுழற்சியில் வரும் ஒவ்வொரு பதிப்பையும் ட்விட்ச்சில் நேரலையாக அறிமுகப்படுத்துகிறார். என்ன மாறியது, எந்தப் பிழை திருந்தியது, எந்தப் பாதுகாப்புக் குறை அடைக்கப்பட்டது என்று முடிந்துபோன வேலையைப் பேசுவதால் யாருடைய முகமும் வாடுவதில்லை. சொந்தத் திட்டத்தைக் காட்டத் தொடங்குபவருக்கு அதுவே நல்ல முதற்படி. 2018இல் செரினிட்டிஓஎஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கி, பின்னர் லேடிபேர்ட் உலாவியைத் தனியே கொண்டுசென்ற ஆண்ட்ரியாஸ் க்ளிங், நேரலைக்குப் பதில் தான் நிரல் எழுதுவதைப் பதிந்து யூடியூபில் ஏற்றியே பெரிய பங்களிப்பாளர் கூட்டம் ஒன்றைச் சேர்த்தார். அரட்டை வேண்டாம் என்பவர்கள் அந்த வழியையும் யோசிக்கலாம். ஓபிஎஸ்ஸில் இரண்டுக்கும் ஒரே அமைப்புப் போதும்.

எங்கே அனுப்புவது என்பதில் ஓபிஎஸ் பாகுபாடு காட்டுவதில்லை. ஆர்டிஎம்பி என்ற ஒளிபரப்பு நெறிமுறையை ஏற்கும் எதற்கும் அனுப்பும், ஆனால் செருகுநிரல் இல்லாமல் ஒரே நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் அனுப்பும். ட்விட்ச்சில் மென்பொருள் உருவாக்கத்துக்கென்று தனிப் பிரிவு இருப்பதால் தற்செயலாக வந்து எட்டிப்பார்க்கும் சக நிரலாளர்கள் அங்கே அதிகம். ஆனால் முடிந்த ஒளிபரப்பு அங்கே நிலைக்காது. சாதாரணக் கணக்குக்கு 7 நாள், ட்விட்ச்சின் வருவாய்த் திட்டத்தில் முதற்படியான அஃபிலியேட் ஆனவருக்கு 14 நாள், அடுத்த படியான பார்ட்னருக்கு 60 நாள் என்று அழிந்துவிடும். யூடியூபில் 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலை தானாகவே காப்பகத்துக்குப் போய் அரட்டையோடு நிற்கிறது, தேடலிலும் வருகிறது. பராமரிப்பு வேலையின் பயன் பெரும்பாலும் பிறகு தேடி வருபவருக்குத்தான் என்பதால், ஒன்றைத்தான் தேர முடியும் என்றால் நான் யூடியூபைச் சொல்வேன். முதல்முறை நேரலையை இயக்கும்போது அனுமதி வர ஒருநாள்வரை ஆகலாம், அறிவித்த நேரத்துக்கு முன்தினமே அதை முடித்துவிடுங்கள்.

திறமூலத்தைத் திறமூல வழியிலேயே காட்ட வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர்களுக்கு ஓன்காஸ்ட் இருக்கிறது. 2020இல் வெளிவந்த, கோ மொழியில் எழுதப்பட்ட இந்த மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவி, ஓபிஎஸ்ஸில் அதன் முகவரியையும் சாவியையும் கொடுத்தால் போதும். அரட்டையும் அதிலேயே வருகிறது, பார்ப்பவர் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. அலைவரிசைக் கணக்கை மட்டும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். விநாடிக்கு 3 மெகாபிட் அளவில் 20 பேர் பார்த்தால் சர்வரிலிருந்து 60 மெகாபிட் வெளியேறும். தனி மனிதரின் சிறு திட்டத்துக்கு வரும் கூட்டத்தை மலிவான வாடகை சர்வரே தாங்கிவிடும்.

வேலை முழுவதும் டெர்மினலுக்குள்ளேயே நடப்பவர் ஓபிஎஸ்ஸை நிறுவும் முன் ஆஸ்கினிமாவைப் பார்த்துவிடுவது நல்லது. 2025இல் ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதப்பட்டு வந்த அதன் 3.0 பதிப்பு, டெர்மினலில் நடப்பதைப் படமாக்காமல் எழுத்தாகவே நேரலையில் அனுப்புகிறது. அலைவரிசை மிகச் சொற்பமாகவே செலவாகிறது, எழுத்து மங்குவதற்கு அங்கே இடமே இல்லை, பார்ப்பவர் ஒரு கட்டளையை அப்படியே நகலெடுத்துக்கொள்ளவும் முடியும். குரலும் முகமும் அதில் போகாது, உலாவியில் திறந்திருக்கும் இஷ்யூ பக்கத்தையும் அது காட்டாது. பிழையைத் துரத்திப் பிடிக்கும் நாளுக்கு அதையும், இஷ்யூக்களை உட்கார்ந்து பிரிக்கும் நாளுக்கு ஓபிஎஸ்ஸையும் நான் வைத்துக்கொள்வேன்.